திறக்கும் முன் படியுங்கள்

 

இன்று ஒரு சின்னத் தாளைப் பற்றிப் பேசப் போகிறேன். புது டி.வி., மிக்சி, செல்போன் வாங்கினால் பெட்டிக்குள் அந்தத் தாள் இருக்கும். அதன் பெயர் வாரண்டி கார்டு.

வாரண்டி என்றால் என்ன? குறிப்பிட்ட காலத்துக்குள் பொருள் தானாகப் பழுதானால், கம்பெனி காசு வாங்காமல் சரி செய்து தரும். அந்த வாக்குறுதிதான் வாரண்டி. அதற்கான பணமும் பொருளின் விலையில் சேர்ந்திருக்கிறது. ஆகவே அது தர்மம் அல்ல, நம் உரிமை.

இந்த உரிமையைப் பல சமயம் நாமே தொலைத்துவிடுகிறோம். எப்படி?

ஒரு வீட்டில் புது டி.வி. வாங்கி நாலு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று படம் வரவில்லை. "கம்பெனி ஆள் எப்போது மலை ஏறி வருவார்? நாமே பார்ப்போம்" என்று திருப்புளியை எடுக்கிறார்கள். பின்மூடியைக் கழற்றுகிறார்கள். திருகாணி மேல் ஒட்டியிருந்த சின்ன சீல் கிழிகிறது. பிறகு கம்பெனி ஆள் வருகிறார். சீலைப் பார்க்கிறார். "யாரோ திறந்திருக்கிறார்கள். வாரண்டி கிடையாது" என்கிறார். பாடுபட்ட கூலி பழுது பார்க்கவே போய்விடுகிறது.

சீல் கிழிந்தாலே வாரண்டி போய்விடும் என்பது நியாயமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி எழுந்தது. 2018-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. இப்படி நிபந்தனை போடுவது பொதுவாகச் சட்டத்துக்கு விரோதம் என்றது. நம் நாட்டிலும் 2022-ல் மத்திய அரசு 'பழுது பார்க்கும் உரிமை'க்காக ஓர் இணையதளம் தொடங்கியது. ஆனால் அமெரிக்காவில் உள்ளது போன்ற தனிச் சட்டம் இங்கே இல்லை.

ஆகவே, வாரண்டி காலத்தில் திறக்காத பெட்டிதான் நம் சாட்சி. வழக்கு என்று வந்தால், நுகர்வோர் ஆணையம் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். நாம் திறந்திருந்தால் சந்தேகம் நம் மேல் விழும். வாரண்டி முடிந்த பிறகு, தெரிந்த மெக்கானிக்கிடம் தாராளமாகக் கொடுக்கலாம்.

நாமே திறப்பதில் ஆபத்தும் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில பொருள்களின் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். தொட்டால் ஷாக் அடிக்கும். செல்போன் பேட்டரியைக் குத்தினால் தீப்பிடிக்கும்.

சரி, கார்டில் எதைப் பார்க்க வேண்டும்?

1. வாரண்டி எத்தனை மாதம்?
2. கடையின் முத்திரை, கையெழுத்து, தேதி இருக்கிறதா?
3. எந்தப் பழுது சேராது? இடி, மின்னல், தண்ணீரால் வரும் பழுது பெரும்பாலும் சேராது. இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.
4. பழுதானால் எந்த எண்ணுக்குப் போன் செய்வது?

கார்டு ஆங்கிலத்தில் இருந்தால், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

நாம் எல்லையில் வாழ்கிறோம். மூணாறில் இருப்பவர் உடுமலையில் வாங்குவார். கொழிஞ்சாம்பாறையில் இருப்பவர் பொள்ளாச்சியில் வாங்குவார். புகார் கொடுக்கத் தமிழ்நாட்டுக்கு அலைய வேண்டுமா? வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து பாருங்கள். தமிழிலேயே பேசலாம்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது பில்லைத்தான். பில் வேண்டாம், விலையைக் குறைக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பில்லைக் கடையிலேயே நின்று படியுங்கள். பொருளின் பெயர், விலை, தேதி சரியா என்று பாருங்கள். பில்லையும் கார்டையும் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

நாம் படித்த எழுத்து நம் பணத்தைக் காக்கட்டும்.