மூத்தது சிசேரியன், அடுத்தது சுகப்பிரசவம்: வலிக்கு என்ன வழி?

(கல்முனையில் நடந்த மகளிர் பிரிவுக் கூட்டத்தில் தாதிய சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)

கரும்புத் தோட்டத்திலும் தென்னந்தோட்டத்திலும் வேலை செய்துவிட்டுப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் சகோதரிகளே, கூட வந்திருக்கும் உம்மாமாரே, மாமிமாரே!

கிளினிக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: “மிஸ், மூத்த பிள்ளை ஒப்பரேசன். இதைச் சுகமாகப் பெறலாம் என்று டொக்டர் சொல்றார். குத்துத் தாங்க ஏலாது. பழைய தையல் இருக்கிறதால வலிக்கு ஊசியும் போட மாட்டாங்களாம். திரும்பவும் வெட்டச் சொல்லட்டுமா?”

வலிக்கு மருந்து தரமாட்டார்கள் என்பது பிழை. அந்தப் பயத்தில் மட்டும் யாரும் ஒப்பரேசனைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

“ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான்” என்று 1916இல் அமெரிக்க வைத்தியர் எட்வின் கிரேகின் எழுதினார். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக வெட்டினார்கள். இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காக வெட்டுகிறார்கள். அந்தத் தழும்பு பலமானது. அப்படி ஒருமுறை வெட்டியவர்கள் சுகப்பிரசவத்துக்கு முயன்றால், 100 பேரில் 72 முதல் 75 பேருக்குச் சரிவரும் என்று பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் ரோயல் கல்லூரி 2015இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. தழும்பு பிரியும் ஆபத்து சுமார் 200 பேரில் ஒருவருக்கு. எண்ணிக்கை சிறிது, நடந்தாலோ தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. ஆகவே உடனே ஒப்பரேசன் செய்யும் வசதியுள்ள வைத்தியசாலையில்தான் பெற வேண்டும். வீட்டில் குத்துக் கூடும்வரை காத்திருக்கக் கூடாது. குத்து வரவைக்கும் கசாயமும் குடிக்கக் கூடாது.

இனி வலிக்கு வருவோம்.

முதலாவது, மருந்தில்லாத வழிகள். முதுகைத் தேய்த்து விடுதல், சூடு ஒத்தடம், மூச்சை மெதுவாக விடுதல், எழுந்து நடத்தல், நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருத்தல். உலக சுகாதார நிறுவனமும் 2018இல் இவற்றைப் பரிந்துரைத்திருக்கிறது.

இரண்டாவது, காஸ். பாதி ஒட்சிசன், பாதி நைட்ரஸ் ஒட்சைட். மாஸ்க்கைத் தாயே பிடித்து இழுக்க வேண்டும். குத்துத் தொடங்கும்போதே இழுத்தால்தான் உச்சத்தில் உதவும். தலை சுற்றலாம்; விட்டதும் சீக்கிரம் தெளியும்.

மூன்றாவது, பெதடின் ஊசி. வலியை மங்க வைக்கும், முழுதாக நீக்காது. வாந்தி, தூக்கக் கலக்கம் வரலாம். பிள்ளைக்கும் போய்ச் சேரும் மருந்து இது. பிள்ளை பிறக்கும் நேரத்துக்குக் கிட்டப் போட்டால் பிள்ளை சோர்ந்து மூச்செடுக்கச் சுணங்கலாம். அதனால் நேரம் பார்த்துத்தான் போடுவார்கள்.

நான்காவது, எபிடியூரல். மயக்க மருந்து வைத்தியர் முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து கொடுப்பார். வலி குறைப்பதில் இதுவே பலமானது. இரத்த அழுத்தம் இறங்கலாம், கால் பாரமாகலாம். அவசர ஒப்பரேசன் தேவைப்பட்டால், பெரும்பாலும் அதே குழாயில் மருந்தைக் கூட்டி, தாயை முழுதாக மயக்காமலே செய்யலாம்.

“எபிடியூரல் போட்டால் தையல் பிரிவது தெரியாமல் போய்விடும்” என்ற பயம் முன்பு வைத்தியர்களிடமும் இருந்தது. தழும்பு பிரியும்போது கூடுதலாகத் தெரியும் அடையாளம் பிள்ளையின் இதயத்துடிப்பு மாறுவது. அதை மெஷினில் தொடர்ந்து பார்த்தால், வலி குறைந்திருந்தாலும் ஆபத்தைக் கண்டுபிடிக்கலாம். மேலே சொன்ன வழிகாட்டியும் பழைய சிசேரியனைக் காரணம் காட்டி எபிடியூரலைத் தடுக்கவில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம். குத்து விட்ட பிறகும் தையல் இருந்த இடம் விடாமல் வலித்தால், இரத்தம் போனால், குத்துத் திடீரென நின்றால், போட்ட மருந்து போதாமல் வலி ஏறிக்கொண்டே போனால், உடனே சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். வெட்கப்படவோ பயப்படவோ வேண்டாம்.

எல்லா வைத்தியசாலையிலும் எல்லா வழியும் இராது. எபிடியூரலுக்கு மயக்க மருந்து வைத்தியர் வேண்டும். ஆகவே கிளினிக்கிலேயே கேளுங்கள்: என் கர்ப்பப்பையை எப்படி வெட்டினார்கள்? வலிக்கு இங்கே என்ன உண்டு, இரவிலும் உண்டா? துணைக்கு ஒருவர் நிற்கலாமா? முதல் கேள்விக்கு விடை முந்திய பிரசவத்தின் டயக்னோசிஸ் காட்டில் இருக்கும். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே வெட்டிய விதத்தைச் சொல்ல முடியாது. அந்தக் காட்டைத் தொலைக்காதீர்கள்.

மேல்நோக்கி வெட்டியவர்களுக்கும், முன்பு தழும்பு பிரிந்தவர்களுக்கும் சுகப்பிரசவம் பொருந்தாது. அவர்களுக்கு ஒப்பரேசன்தான் பாதுகாப்பு. அதில் குறைவு எதுவுமில்லை. மற்றவர்கள் யோசிக்க வேண்டியது: ஒவ்வொரு ஒப்பரேசனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நச்சுக்கொடி பழைய தழும்பில் ஒட்டிப் பெருக்கெடுத்து இரத்தம் போகும் ஆபத்து கூடுகிறது. நாலைந்து பிள்ளை பெற விரும்பும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

மாமிமாரிடம் ஒரு வேண்டுகோள். “நாங்க பெறல்லையா, கத்தினோமா?” என்று மருமகளிடம் சொல்லாதீர்கள். பொறுமை நல்லது, மருந்து தேடுவதை மார்க்கமும் தடுக்கவில்லை.

சங்கத்திடமும் ஒன்று கேட்கிறேன். 2018இல் திருத்திய சட்டப்படி எத்தனையாவது பிள்ளையானாலும் பிரசவ விடுமுறை 84 நாள். அதை வாங்கிக் கொடுப்பதோடு நிற்காமல், கிளினிக் நாளில் சம்பளம் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடு இரவில் தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்குப் போக ஒரு வாகனத்தையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். வலிக்கு மருந்து இருந்தாலும், நேரத்துக்கு வந்து சேர்ந்த தாய்க்குத்தான் அது கிடைக்கும்.