கையும் படிக்கட்டும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

இன்று கணிதத்திற்குப் பரிசு உண்டு. மொழிக்கு உண்டு. ஓட்டப் பந்தயத்திற்கும் உண்டு. ஆடாமல் நிற்கும் ஒரு ஸ்டூலைத் தன் கையால் செய்த பிள்ளைக்கு? அதற்குப் பரிசு இல்லை. அந்தக் குறையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் மரவேலை சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

உடனே பெற்றோர் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "நாங்கதான் வெயில்லயும் மழையிலயும் கஷ்டப்பட்டோம், எம் புள்ளையாவது பேனா புடிக்கட்டுமே! அது கையில எதுக்குங்க உளியும் சுத்தியலும்?" இந்தக் கேள்வியை நான் ஒதுக்கமாட்டேன். இதற்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1953-இல் சென்னை மாநிலத்தில் இராஜாஜி ஒரு திட்டம் கொண்டு வந்தார். பாதி நேரம் பள்ளி. மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். "இது குலக்கல்வி!" என்று பெரியார் முதலானோர் கொதித்து எழுந்தார்கள். 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அது நியாயமே. அப்பன் தொழிலிலேயே பிள்ளையைக் கட்டிப்போடுவது கல்வி ஆகாது.

நான் கேட்பது அதற்கு நேர்மாறு. பால்மரம் சீவுபவர் பிள்ளையும், கிராணியார் பிள்ளையும், டாக்டர் பிள்ளையும், ஆணும் பெண்ணும் ஒரே மேசையில் நின்று, பள்ளி நேரத்திலேயே கற்க வேண்டும். ஸ்வீடன் நாட்டில் ஓட்டோ சலமோன் என்பவர் 1870-களிலேயே ஆசிரியர்களுக்கு மரவேலை பயிற்றுவித்தார். தச்சர்களை உருவாக்குவது அவர் நோக்கமல்ல. பொறுமை, நேர்த்தி, உழைப்பின் மேல் மரியாதை இவற்றை உண்டாக்குவதே நோக்கம்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. 90 சென்டிமீட்டர் பலகையை மூன்று சம துண்டாக வெட்ட வேண்டும். "ஒன்று 30 சென்டிமீட்டர்!" என்பீர்கள். தாளில் அது சரி. 30, 30 என்று கோடு போட்டு வெட்டிப் பாருங்கள், கடைசித் துண்டு குறையும். ஏன்? வாளின் பல் ஒவ்வொரு வெட்டிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டரைத் தின்றுவிடுகிறது. இரண்டு வெட்டுக்கு 4 மில்லிமீட்டர் தூளாய்ப் போயிற்று! இன்னொன்று: மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு பக்கம் 30, மறுபக்கம் 40 அளந்து குறியிடுங்கள். குறுக்கே 50 வந்தால் மூலை நேர்மட்டம். பித்தகோரஸ் தேற்றம் அங்கே கைக்குள் வந்துவிடுகிறது. மரத்திடம் சாக்குப்போக்குச் சொல்ல முடியாது. கோணல் என்றால் கோணல்தான்.

தோட்டத்துத் தோழர்களே, உங்களுக்குத் தெரிந்த மரத்தையே எடுத்துக் கொள்வோம். பால்மரம் 25, 30 வருடம் பால் தந்தபின் வெட்டப்படும். முன்பெல்லாம் அது விறகுக்கும் புகைவீட்டுக்கும்தான் போனது. வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும் என்பதால் யாரும் அதை மதிக்கவில்லை. போரான் உப்பு ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்ததும் கதை மாறியது. இன்று நம் ஜொகூரிலேயே, மூவாரில், அந்த மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் மாறிக் கப்பல் ஏறுகிறது. மூன்று தலைமுறையாக நாம் சீவிய மரம்! அதைப் பற்றி நம் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாமா?

பாடத்திட்டத்திலும் இதற்கு வழி உண்டு. 1965 முதல் இடைநிலைப் பள்ளிகளில் தொழிற்கலைப் பாடம் இருந்தது. பின்னர் வாழ்க்கைத் திறன் பாடம் வந்தது. 2014 முதல் தொடக்கப் பள்ளியின் நான்காம் ஆண்டில் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' வந்தது. அட்டையோடும் பசையோடும் அந்தப் பாடம் நின்றுவிடக் கூடாது என்பதே என் ஆசை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பெரிய பட்டறை வேண்டாம். ஒரு உறுதியான மேசை, பலகையைக் கவ்வ இரண்டு பிடிப்பான், நாலு கைவாள், நாலு சுத்தியல், ஓர் இழைப்புளி, மூலைமட்டம், உப்புத்தாள், கண்ணாடிக் கவசம் இவை போதும். மின்சார ரம்பம் கூடவே கூடாது. கூர்மையான கருவி ஆசிரியர் பார்வையில்தான் இருக்க வேண்டும். தச்சு வேலை தெரிந்த பெரியவர்கள் நம் கூலாயில் இருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் வாருங்கள் ஐயா என்று கூப்பிட்டால் மாட்டேன் என்பார்களா?

எல்லாப் பிள்ளையும் தேர்வில் முதலாக வர முடியாது. ஏட்டில் பின்தங்கிய பிள்ளை, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற நினைப்போடு இந்த வாசலைத் தாண்டிப் போகக் கூடாது. ஒரு பொருளை ஒழுங்காகச் செய்து முடித்த பிள்ளைக்கு அந்த நினைப்பு வராது. டாக்டராகப் போகிற பிள்ளைக்கும் கை நிதானம் வேண்டும்தானே?

அடுத்த ஆண்டு இந்தப் பரிசு மேசையையே நம் பிள்ளைகள் செய்த மேசையாகப் பார்க்க வேண்டும். பரிசு பெற்றவர்களுக்கு என் பாராட்டு. பெறாதவர்களுக்கு என் அன்பு.