பரீட்சைக்கு முந்தின ராத்திரி
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, தவணைப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இன்னிக்கு நம்ம பிள்ளைகளைப் பற்றிப் பேசலாம். மார்ச் வந்தால் பிளஸ் டூ பரீட்சை.

போன வருஷம் நம் குழு ஒன்றில் ஒரு அக்காவின் மகள் நாலு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. நெஞ்சு படபடப்பு, கை வியர்வை, சோறு இறங்கலை. "படிச்சது ஒண்ணுமே ஞாபகம் வரலம்மா" என்று விடிகாலை மூணு மணிக்கு அழுதிருக்கிறாள். அக்கா நல்ல எண்ணத்தில் தினமும் ராத்திரி பத்து மணிக்கு வரக்காப்பி போட்டுக் கொடுத்தார். ஐந்து மணி நேரம் போனாலும் காப்பியின் வேகம் பாதி உடம்பில் நிற்கும். அப்புறம் எங்கே தூக்கம் வரும்? மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கேட்கவும் கிளம்பிவிட்டார். டாக்டர் எழுதாமல் அதைக் கொடுக்கவே கூடாது என்று குழுத் தலைவி தடுத்தார்.

அந்தப் பொண்ணு சொன்னதுதான் நமக்குச் சுருக்கென்றது. "கடன் எடுத்து டியூஷன் கட்டினாங்க. மார்க் குறைஞ்சா அம்மா குழுவுல எப்படி முகம் காட்டுவாங்க?" ஒவ்வொரு கூட்டத்திலும் "எவ்வளவு வாங்குவா?" என்று கேட்டது நாம்தானே! மாநில ரேங்க் அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நாம் நிறுத்தவில்லை.

அன்றிலிருந்து அக்கா காப்பியை நிறுத்தினார். ஒன்பதரைக்குப் புத்தகம் மூடி, செல்போனை அடுப்படியில் வைத்தார்கள். படித்தது மனசில் பதிவதே தூக்கத்தில்தான். தூக்கம் வராவிட்டால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு படுத்திருந்தாலே போதும் என்றோம். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டதால் பரீட்சை கெட்டுவிடாது. கேள்வித்தாள் படிக்கவே பத்து நிமிஷம் தருகிறார்கள், அதற்குள் படபடப்பு அடங்கும். தவறினாலும் அதே வருஷம் துணைத்தேர்வு இருக்கிறது, இதைப் பிள்ளையிடம் முன்னாலேயே சொல்லுங்கள்.

பிள்ளை சாப்பிடாமல், பேசாமல், "நான் இருந்து என்ன" என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாலும் காத்திருக்காதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருங்கள். 14416-க்கோ 104-க்கோ உடனே போன் பண்ணுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அந்தப் பொண்ணு எவ்வளவு மார்க் வாங்கினாள் என்று பின்வரிசையில் யாரோ கேட்கிறீர்கள். சொல்ல மாட்டோம் அக்கா!