எங்க வீட்டுக்காரரும் சைக்கிள் கடையும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், கண் பரிசோதனை முகாமையொட்டி உறுப்பினர் ஒருவர் பேசியது. பேசியபடியே எழுதி, சிறிது திருத்தி வெளியிடுகிறோம்.)

இன்னைக்கு முகாம் நடக்குது, கண்ணைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்கன்னு தலைவி அக்கா சொன்னாங்க. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சவ. எனக்குத் தெரிஞ்ச கண் சமாச்சாரம் எல்லாம் எங்க வீட்டுக்காரரோட இருபத்தஞ்சு வருஷம் இருந்து தெரிஞ்சுக்கிட்டதுதான். அதனால அவரைப் பத்தியே பேசிடுறேன்.

நிலக்கோட்டையில பழைய ஆளுங்களுக்கு அவரைத் தெரியும். வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தார். பூ மார்க்கெட்டுக்கு விடியக்காலை மல்லிகை மூட்டை ஏத்திட்டு வர்றவங்க முக்காவாசிப் பேர் அவர் கடை சைக்கிள்லதான் வருவாங்க. பதினாலு வண்டி, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி மட்கார்டுல நம்பர் எழுதியிருக்கும். வாடகை நோட்டை எழுதுறதுல ரொம்பக் கறார். சொந்த மச்சானா இருந்தாலும் மணிக் கணக்குப் போட்டுக் காசு வாங்கிடுவார்.

நாற்பது வயசு தாண்டினப்போதான் ஆரம்பிச்சது. நேரா இருக்கிறது எல்லாம் நல்லாத் தெரியும். பேப்பர் படிப்பார், ஊசியில நூல் கோர்த்துக் குடுப்பார். ஆனா பக்கத்துல வர்ற ஆளைத் தெரியாது. தெருவுல எதிரே வர்றவங்க வணக்கம் சொன்னா கவனிக்காமப் போவார். 'கடை நல்லா ஓடுது, திமிர் வந்திருச்சு'ன்னு பேசினாங்க. சாயங்காலமானா திண்ணையில முட்டிக்குவார், ஆட்டுக்குட்டி மேல ஏறிடுவார். குடிக்கிறார்னு கூட ஒரு பேச்சு வந்துச்சு. வாழ்நாள்ல ஒரு சொட்டு தொடாத மனுஷன். கண்ணாடிக் கடை ஒண்ணுல மூணு தடவை கண்ணாடி மாத்திக் குடுத்தாங்க. யாரோ சொன்னாங்கன்னு ஒரு இலைச் சாறும் ஊத்திப் பார்த்தோம். அதை விடுங்க.

கடைசியா மதுரைக்குப் போனோம். டாக்டர் கண்ணுல மருந்து ஊத்தி, அழுத்தம் பார்த்து, கண்ணு நரம்பைப் பார்த்துச் சொன்னார், இது க்ளாகோமா, கண் அழுத்த நோய்னு. நம்ம ஆளுங்க கண் ஆஸ்பத்திரின்னதும் கண்புரைன்னு நினைச்சுக்குறோம். ரெண்டும் வேற. புரை வந்தா ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வச்சாப் பார்வை திரும்பும். இது அப்படி இல்லை. கண்ணுக்குள்ள ஊறுற நீர் சரியா வடியாம அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாப் பட்டுப் போகுது. பெரும்பாலும் வலி இல்லை, சிவப்பு இல்லை, நீர் வடியுறது இல்லை. முதல்ல ஓரப் பார்வை போகும், நடுப் பார்வை கடைசி வரைக்கும் இருக்கும். அதனாலதான் நூல் கோர்க்க முடிஞ்ச மனுஷனுக்கு ஆட்டுக்குட்டி தெரியலை. போன பார்வை போனதுதான், திரும்ப வராது. மருந்தும் ஆபரேஷனும் மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தத்தான். அவருக்கு மிச்சமே கொஞ்சம்தான் இருந்துச்சு. சொட்டு மருந்து போட்டும், ஆபரேஷன் பண்ணியும், ரெண்டு வருஷத்துல வெளிச்சம், இருட்டு அவ்வளவுதான் தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் இல்லை. அப்ப மகள் பத்தாவது, மகன் ஏழாவது.

ஒரு வருஷம் வீட்டுலயே கிடந்தார். கடையைப் பூட்டியாச்சு, சைக்கிள்ல எட்டை வித்துச் சாப்பிட்டோம். அந்த வருஷத்தைப் பத்தி நான் அதிகம் பேச விரும்பலை. ரேடியோ ஓடிக்கிட்டே இருக்கும், அவர் கேட்கிறாரா இல்லையான்னு தெரியாது.

ஒரு நாள் மகனோட சைக்கிள் சக்கரம் கோணிக்கிட்டு வந்துச்சு. 'அதைக் கொண்டாடா'ன்னார். சக்கரத்தைக் கவுத்துச் சுத்தவிட்டு, நகத்தை ரிம்முக்கு ஒட்டி வச்சுக்கிட்டார். எந்த இடம் நகத்துல உரசுதோ அங்க நிப்பாட்டி, போக்ஸ் கம்பியை வீணைக் கம்பி மாதிரி மீட்டிப் பார்த்தார். இறுக்கமா இருக்கிற கம்பி கிண்ணுன்னு சத்தம் குடுக்கும், தளர்ந்தது தொங்கலாச் சத்தம் குடுக்கும். அரை மணி நேரத்துல பெண்டு எடுத்து முடிச்சிட்டார். பஞ்சர் அதைவிட லேசு. டியூப்பைத் தண்ணியில அமுக்கினா குமிழி வர்ற இடத்தை விரல் கண்டுபிடிச்சிடும். தண்ணியே இல்லாம, காத்தடிச்ச டியூப்பை உதட்டுகிட்ட கொண்டுபோயும் கண்டுபிடிப்பார். பால்ரஸ் கீழ சிதறினாத்தான் கஷ்டம். அதுக்குத் தாம்பாளத்துல துணி விரிச்சு வேலை பார்த்தார்.

கடையைத் திறக்கணும்னா டியூப், டயர், செயின் எல்லாம் வாங்கணும். ஆறாயிரம் வேணும். நம்ம குழு ஆரம்பிச்ச புதுசு அது. தருமபுரியில 1989ல தொடங்கின மகளிர் குழுக்கள், மகளிர் திட்டமா மாநிலம் பூரா பரவிக்கிட்டு இருந்த நேரம். மாசம் ஐம்பது ரூபாய் சேமிப்பு. நான் உள்கடன் கேட்டேன். கூட்டத்துல ஒரு அக்கா எழுந்து, 'கண்ணு தெரியாதவர் கடைக்குக் கடன் குடுத்தா நாளைக்கு யாரு கட்டுறது? அது நம்ம எல்லாரோட காசு'ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துச்சு, ஆனா அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. இன்னொருத்தர் காசைப் பொறுப்பா வச்சிருக்கிறவங்க கேட்கத்தான் செய்யணும். அப்ப நம்ம ஊக்குநர் ஒரு காரியம் பண்ணினாங்க. பாவம்னு பேசி முடிவெடுக்க வேண்டாம், நேர்ல போய் வேலையைப் பார்ப்போம்னு சொன்னாங்க. மறுநாள் அஞ்சு பேர் எங்க வீட்டு வாசல்ல வந்து உட்கார்ந்தாங்க. கேள்வி கேட்ட அக்கா தன் வீட்டுக்காரர் சைக்கிளையே கொண்டுவந்திருந்தாங்க, ஓவராயில் பண்ணுங்கன்னு. அவர் பண்ணிக் குடுத்துட்டு, கூலியையும் வாங்கிக்கிட்டார்! தீர்மான நோட்டுல அன்னைக்கே எழுதினாங்க. ஆறாயிரத்தை மாசம் முந்நூறு வீதம் இருபது மாசத்துல, வட்டியோட, ஒரு தவணை தவறாமக் கட்டினோம்.

கடையில பெரிய பிரச்சினை வேலை இல்லை, காசுதான். நூறுன்னு சொல்லிப் பத்து ரூபாய் நோட்டை நீட்டுற ஆளும் உண்டு. அவர் நோட்டோட நீளத்தை வச்சுப் பிடிப்பார். பழைய நோட்டுல ஐம்பதுக்கும் நூறுக்கும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம், நூறுக்கும் ஐந்நூறுக்கும் ஒரு சென்டிமீட்டர். 2016 நவம்பர்ல பழைய ஐந்நூறு, ஆயிரம் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. நமக்கெல்லாம் பேங்க் வரிசைதான் கஷ்டம். அவருக்குப் பதினஞ்சு வருஷமா விரல் படிச்ச பாடமே அழிஞ்சு போச்சு. புது நோட்டுல நூறுக்கும் இருநூறுக்கும் நாலு மில்லிமீட்டர், இருநூறுக்கும் ஐந்நூறுக்கும் அதே நாலு மில்லிமீட்டர். ஓரத்துல தடவிப் பார்க்கக் கோடு போட்டிருக்காங்க, நூறுக்கு நாலு, ஐந்நூறுக்கு அஞ்சு. ஆனா நோட்டு நாலு கை மாறிக் கசங்கினா, ஸ்பேனர் பிடிச்சுக் காய்ச்சுப் போன விரலுக்கு அந்தக் கோடு எங்க தெரியும்? கல்யாணப் பத்திரிகை அட்டையை அளவா வெட்டி, ஒவ்வொரு நோட்டு நீளத்துக்கும் ஒரு வெட்டு போட்டுக் குடுத்தேன். அதைச் சட்டைப் பையில வச்சு அளந்து பார்ப்பார். 2020ல ரிசர்வ் பேங்க் 'மணி'ன்னு ஒரு செயலி விட்டுச்சு. போன் கேமராவுல நோட்டைக் காட்டினா எத்தனை ரூபாய்னு சொல்லும். மகன் போட்டுக் குடுத்தான். 'என் கடையில என் காசை இன்னொருத்தன் சத்தமா எண்ணணுமா?'ன்னு கேட்டார். அட்டையே போதும்னுட்டார்.

அதே காய்ச்ச விரலாலதான் பிரெய்லும் படிக்க முடியலை. ஆறு புள்ளி எழுத்து. ஒரு ஆசிரியர் வந்து சொல்லிக் குடுத்தார், நாலு மாசம் முயற்சி பண்ணினார். எழுத்து வரலை, அந்த லூயி பிரெய்ல் கதை மட்டும் மனசுல நின்னுச்சு. பிரான்ஸ்ல 1809ல பிறந்தவர். அப்பா குதிரைச் சேணம் தைக்கிறவர். மூணு வயசுல அப்பா பட்டறையில விளையாடும்போது தோல் குத்துற ஊசி கண்ணுல பட்டுப் பார்வை போச்சு, பதினஞ்சு வயசுல இந்த எழுத்தைக் கண்டுபிடிச்சார். 'பட்டறைக்காரன் பையன் தான்டி, பாரு'ன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லுவார்.

வீட்டுக்குன்னு சில சட்டம் வச்சிருந்தார். கதவு ஒண்ணு முழுசாத் திறந்திருக்கணும், இல்லை முழுசா மூடியிருக்கணும். பாதி திறந்த கதவுலதான் நெற்றி உடையும். செம்பை எடுத்தா எடுத்த இடத்துலயே வைக்கணும். உள்ளே வந்தா 'நான்தான்'னு சொல்லாம, பேரைச் சொல்லணும். போகும்போது போறேன்னு சொல்லிட்டுப் போகணும், இல்லைன்னா ஆள் இல்லாத நாற்காலிகிட்டப் பேசிக்கிட்டு இருப்பார். சொந்தக்காரங்க வந்தா, 'அவருக்குக் காபியில சக்கரை போடலாமா?'ன்னு என்னைக் கேட்பாங்க. 'எனக்குக் கண்ணுதான் போச்சு, நாக்கு இருக்கு'ன்னுவார். அவர் சாமியும் இல்லை. கோபம் வந்தா ரெண்டு நாள் பேச மாட்டார். வெள்ளைக் கம்பு வச்சுக்கச் சொன்னதுக்கு ஆறு வருஷம் வீம்பு பண்ணினார். பேத்தி பிறந்த பிறகு, அவளைப் பால்வாடிக்குக் கூட்டிட்டுப் போகணும்னுதான் கம்பைக் கையில எடுத்தார்.

மகள் பத்தாவது படிக்கும்போது பாடத்தைச் சத்தமாப் படிக்கச் சொல்லி அந்த ஒரு வருஷமும் கேட்டார். அவ கல்யாணத்துக்குச் செஞ்ச வளையலைக் கையில உருட்டிப் பார்த்து, ஒண்ணு லேசாக் கோணல்னு ஆசாரிகிட்டத் திருப்பி அனுப்பினார். ஆசாரி ஒத்துக்கிட்டார்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அறுபத்தேழு வயசுல, நெஞ்சுவலியில போயிட்டார். கண்ணைக் குடுத்திரணும்னு முன்னாடியே சொல்லி வச்சிருந்தார். அன்னைக்கு வீட்டுல ஒரே வாக்குவாதம். 'தெரியாத கண்ணை வாங்கி யாருக்கு வைக்கப் போறாங்க?'ன்னு கேட்டாங்க. அவருக்குப் பட்டுப் போனது பின்னாடி இருக்கிற நரம்பு. தானமா எடுத்து வைக்கிறது முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்கிற கருவிழி. அது தெளிவா இருக்கான்னு அவங்க சோதிச்சுப் பார்த்துத்தான் பயன்படுத்துவாங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். அதுவரைக்கும் மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி ஈரப் பஞ்சு வச்சு, தலைக்குத் தலையணை வைக்கணும். மகன் பஞ்சு நனைச்சான், மருமகள் போன் போட்டா. வந்தவங்க கொஞ்ச நேரத்துல வேலையை முடிச்சிட்டாங்க, முகம் மாறவே இல்லை. யாருக்கு வச்சாங்கன்னு சொல்ல மாட்டாங்க. நானும் கேட்கலை.

ஒண்ணு சொல்லி முடிச்சுக்கிறேன். இந்த நோய் ரத்த சம்பந்தத்துல வரும். அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, பிள்ளைங்களுக்கு மத்தவங்களைவிட அதிகமா வர வாய்ப்பு உண்டு. அவருக்கு வந்ததும் டாக்டர் சொல்லி, என் கொழுந்தனாரையும் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தோம். ஒண்ணுமே தெரியாத ஆளுக்கு அழுத்தம் ஏறியிருந்துச்சு. அன்னையிலருந்து தினமும் சொட்டு மருந்து போடுறார். மருந்து போட்டதால பார்வை கூடுற மாதிரி எதுவும் தெரியாது, அதனால பாதியில விட்டவங்க நிறைய. இவர் விடலை. இன்னைக்கும் டவுன் பஸ் போர்டைத் தானே படிச்சு ஏறிப் போறார்.

பந்தலுக்குப் பின்னாடி மேசை போட்டிருக்காங்க, நாற்பது தாண்டினவங்க எல்லாரும் பேர் குடுங்க. வீட்டுல யாருக்காவது இந்த நோய் இருந்தா நாற்பது வரைக்கும் காத்திருக்க வேண்டாம். கண்ணாடிப் பவர் மட்டும் பார்த்துட்டு வந்திராதீங்க, அழுத்தமும் நரம்பும் பாருங்கன்னு வாய் விட்டுக் கேளுங்க. என் மகனுக்கு முப்பத்தேழு வயசு. போன வருஷம் பார்த்ததுல ஒண்ணும் இல்லை, இந்த வருஷம் வேலை இருக்குன்னு சாக்குச் சொல்றான். அவன் பேரை ஒன்பதாவதா எழுதி வச்சிருக்கேன். எட்டாவது ஆள் உள்ளே போனதும் எனக்குச் சொல்லுங்க, போன் போட்டு வரவழைக்கிறேன்.