தெரிவும் சூழலும்

மனிதன் தன் வாழ்நாளிற் செய்யும் தெரிவுகள் பல. எத்தொழிலைக் கைக்கொள்வது, யாரை மணப்பது, எங்கே வாழ்வது, பிள்ளையை எவ்வளவு காலம் படிக்கவைப்பது என்னும் வினாக்கள் எழாத வீடு இல்லை. அவற்றுக்கு விடை கண்டபின், தானே ஆராய்ந்து தானே துணிந்ததாக ஒவ்வொருவரும் எண்ணுவர். அவ்வெண்ணம் பொய்யன்று; ஆயின் முழு மெய்யும் அன்று. ஒருவர் செய்த முடிவைத் தனியே எடுத்து நோக்கினால் அவருடைய மனம் ஒன்றே தெரியும். ஆயிரம் பேர் செய்த முடிவுகளை ஒருங்கே வைத்து நோக்கினால், அவர்களுள் எவருமே அறியாத ஓர் ஒழுங்கு தோன்றும். அவ்வொழுங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்பதே சமூகவியலின் பணியாகும்.

இத்துறைக்கு அடித்தளமிட்டோருள் ஒருவரான எமில் டூர்க்கைம் என்னும் பிரெஞ்சு அறிஞர், சமூகவியல் முறையைப் பற்றி 1895ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். தனிமனிதனுக்குப் புறத்தே நின்று அவனை ஆட்கொள்ளும் வழக்கங்களும் எண்ணங்களும் உண்டு என்றும், அவற்றைப் பொருள்களை ஆராய்வது போலவே ஆராயலாம் என்றும் அந்நூல் வாதிட்டது. அமெரிக்கரான றைற் மில்ஸ் என்பார் 1959இல் இதனை எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கினார். ஓர் இலட்சம் மக்கள் வாழும் நகரில் ஒருவனுக்கு மட்டும் வேலையில்லையென்றால், அவனுடைய குணத்தையும் திறமையையும் ஆராய்வது பொருந்தும். ஐந்து கோடி உழைப்பாளர் உள்ள நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலையில்லையென்றாலோ, அத்தனை பேரும் சோம்பர் என்று கூறி அமைதல் ஆகுமா? அங்கே ஆராய வேண்டியது நாட்டின் பொருளாதார அமைப்பையே அன்றோ?

வேலையின்மை எவரும் விரும்பித் தேடுவதன்று. மணமோ விரும்பிச் செய்வது. அதிலும், மணமக்கள் தாமே ஒருவரையொருவர் தேர்ந்துகொள்வது பெருவழக்காக உள்ள நாடு அமெரிக்கா. அந்நாட்டில் பிலடெல்பியா நகரத்தில், திருமண அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பித்த 5,000 சோடிகளின் முகவரிகளை ஜேம்ஸ் பொசார்ட் என்னும் சமூகவியலாளர் ஒப்பிட்டு நோக்கி, 1932இல் தம் முடிபை வெளியிட்டார். மூன்றில் ஒரு பங்குச் சோடிகள் ஐந்து குறுக்குத் தெருக்களின் தூரத்துக்குள் வாழ்ந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் இருபது தெருக்களின் தூரத்துக்குள் வாழ்ந்தவர்கள். காதலுக்குக் கண்ணில்லை என்பர். ஆயின் அது நடந்து செல்லும் தூரம் பெரும்பாலும் குறுகியதே. அயல் தெருவில் யார் குடியிருப்பார் என்பதை வருமானமும் இனமும் முன்னரே வகுத்துவிடுகின்றன. எஞ்சிய வட்டத்துக்குள்ளேதான் உள்ளம் தன் துணையைத் தேடுகிறது.

இவ்வுண்மை மிக ஆழமாகப் புலப்படும் இடம் கல்வி. பிள்ளையின் எதிர்காலம் அங்கே தீர்மானிக்கப்படுதலின், அதனைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். பியேர் பூர்தியூ, ஜான் குளோட் பஸ்ஸெரோன் என்னும் இருவர் 1964இல் வெளியிட்ட ஆய்வு, பிரான்சில் பல்கலைக்கழகம் புகும் வாய்ப்பைக் கணக்கிட்டுக் காட்டியது. பண்ணைக் கூலியாளின் மகனுக்கு அவ்வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. மருத்துவம், சட்டம் போன்ற உயர்தொழில் புரிவோரின் மகனுக்கோ அது நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். பண்ணைக் கூலியாளின் மகனைத் தடுக்கும் சட்டம் எதுவும் அந்நாட்டில் இருக்கவில்லை.

திறமை வேறுபாடே இதற்குக் காரணம் என்று சிலர் கூறலாம். அது ஓரளவே பொருந்தும். ஆரம்பப் பாடசாலையை முடித்த பிரெஞ்சு மாணாக்கரை 1962ஆம் ஆண்டில் தொடங்கிப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து ஆராய்ந்தபோது, ஒரே தரமான பெறுபேறு பெற்றவரிடையேயும் வேறுபாடு காணப்பட்டது. மிகச் சிறந்த மாணாக்கரிடையே அது சிறிது. இடைத்தரப் புள்ளி பெற்றவரிடையே அது பெரிது. இடைத்தரப் புள்ளியைக் கண்ட உத்தியோகத்தர் வீட்டிலே, இன்னும் முயன்றால் நன்றாக வருவான் என்றனர். அதே புள்ளியைக் கண்ட தொழிலாளி வீட்டிலே, படித்தது போதும் என்றனர். புள்ளி ஒன்று, பொருள் இரண்டு.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் கூறுவதில் அறிஞர் இரு திறத்தராயினர். பூர்தியூவின் கருத்துப்படி, வீடே முதற் பாடசாலை. புத்தகங்களின் நடுவே வளரும் பிள்ளை ஆசிரியரின் மொழியைத் தன் மொழியாகவே கேட்கிறது. புத்தகம் காணாத வீட்டுப் பிள்ளைக்கு அது அயலார் மொழி. பல்லாண்டுப் பழக்கத்தால், இது நமக்குரியது, இது நம் போன்றார்க்கு ஆகாதது என்னும் உணர்வு உள்ளத்தில் ஊறிவிடுகிறது. எட்டாது என்று கருதப்பட்டதை விரும்பாமலே இருக்க மனம் பழகிக்கொள்கிறது.

றேமோன் பூதோன் என்பார் 1973இல் இதற்கு மாறான விளக்கம் தந்தார். ஏழைக் குடும்பத்தினரும் கணக்கிட்டே முடிவு செய்கின்றனர். ஆயின் அவர்கள் நிற்கும் இடம் வேறு என்றார் அவர். மருத்துவரின் மகன் எழுதுவினைஞனானால் அது இறக்கம். கூலியாளின் மகன் எழுதுவினைஞனானால் அது ஏற்றம். ஒரே பதவியை அடைய ஒருவன் ஒரு படி இறங்குகிறான், மற்றவன் பல படி ஏறுகிறான். மேலும் மூன்றாண்டு படித்துத் தோற்றால் செல்வர்க்கு இழப்பு சிறிது. அன்றாட உழைப்பால் வாழ்வோர்க்கோ அது தாங்கொணாதது. ஆகவே இடையில் நிறுத்துவது அறியாமையன்று, நிலைமைக்கேற்ற கணக்கு. இவ்விரு விளக்கங்களும் தம்முள் மாறுபடினும், பிள்ளைக்கு விருப்பமில்லை என்னும் ஒரு சொல்லோடு ஆராய்ச்சியை முடித்துவிடுதல் தகாது என்பதில் ஒத்துப்போகின்றன.

பிள்ளையே படிப்பை வெறுத்து ஒதுக்கினால் யாது சொல்வது? இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள தொழில் நகரமொன்றில், தொழிலாளர் வீட்டுப் பையன்கள் பன்னிருவருடன் பழகி ஆராய்ந்த போல் வில்லிஸ், 1977இல் இதற்கு விடை கூறினார். அப்பையன்கள் ஆசிரியரை எள்ளினர். ஒழுங்காகப் படித்த தோழரை இகழ்ந்தனர். எழுத்துவேலையை ஆண்மையற்றது என்றனர். தந்தையர் தொழிற்சாலையிற் பேசிய பேச்சும் செய்த கேலியும் வகுப்பறையில் அவர்கள் வாயிலாக எதிரொலித்தன. யாரும் அவர்களை வற்புறுத்தவில்லை. தாமே விரும்பி, பெருமிதத்தோடு, தந்தையர் சென்ற வாயிலுக்குள் நுழைந்தனர். பின்வந்த ஆண்டுகளில் அத்தகைய தொழிற்சாலைகள் பல மூடப்பட்டபோது, அப்பெருமிதத்துக்கு இடமில்லாது போயிற்று.

இலங்கையில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நடைபெறுதலை நேயர்கள் அறிவர். கட்டணம் என்னும் பெருந்தடையை அது அகற்றியது. ஆயினும், உழைக்கக்கூடிய மகன் படிக்கும்போது வீடு இழக்கும் வருமானமும், படித்தாற் பயன் உண்டோ என்னும் ஐயமும் எந்நாட்டிலும் கட்டணத்தோடு மறைவதில்லை. ஐயத்தின் வலிமை எத்தகையது என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 2015இல் தொடங்கிய சோதனையொன்று காட்டுகிறது. வருமானம் குறைந்த குடும்பங்களைச் சேர்ந்த, நற்புள்ளி பெற்ற மாணாக்கர் சிலருக்கு, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அனுமதி பெற்றால் நான்காண்டும் கட்டணமில்லை என உறுதி கூறும் கடிதம் அனுப்பப்பட்டது. உண்மையில், அவர்களிற் பெரும்பாலோர்க்கு அத்தகைய உதவி முன்னரும் கிடைக்கக்கூடியதே, உறுதிமொழியே புதியது. கடிதம் பெறாத மாணாக்கருள் நூற்றுக்கு 26 பேர் விண்ணப்பித்தனர். பெற்றவருள் 68 பேர் விண்ணப்பித்தனர். சேர்ந்தோர் தொகையும் இருமடங்குக்கு மேலாயிற்று. திறமை அதுவே, குடும்பம் அதுவே; ஒரு தாளில் எழுதிய உறுதிமொழியால் தெரிவு மாறிற்று.

அங்ஙனமாயின் மனிதன் சூழலின் கைப்பாவையோ? அன்று. சமூகவியல் கூறுவது நிகழ்தகவையே, விதியை அன்று. பலரைப் பற்றி அது கணக்கிடலாம். குறித்த ஒருவர் என்ன செய்வார் என்று அறுதியிட்டுக் கூற அதனால் இயலாது. மேற்கூறிய பூர்தியூவே தென்மேற்குப் பிரான்சின் சிற்றூரொன்றில் அஞ்சல் ஊழியர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, 1981இல் பாரிஸ் மாநகரின் கொலேஜ் டி பிரான்ஸ் என்னும் உயர்கல்வி நிலையத்திற் பேராசிரியரானவர். ஆயினும் ஒருவர் ஏறிவிட்டார் என்பதைக் காட்டி, ஏறாத தொண்ணூற்றொன்பது பேரைப் பழித்தல் நீதியாகாது. ஏணியின் படிகள் எல்லார்க்கும் ஒரே இடைவெளியில் அமைந்துள்ளனவா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

காற்று எப்பக்கம் வீசுகிறதென்று அறிந்த மாலுமியே பாயைத் திருப்பவல்லவன். தன் விருப்பத்தின் பின்னே நிற்கும் வழக்கத்தையும் அச்சத்தையும் அறிந்தவனே அவற்றை ஏற்கவோ விலக்கவோ உரிமை பெறுகிறான். பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் இதிலொரு கடமை உண்டு. இனிப் படிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அதைச் சோம்பல் என்றோ விதி என்றோ ஏற்றுக்கொள்ளுமுன், அம்முடிவு எதற்கு அஞ்சி எழுந்தது, எதை அறியாமையால் எழுந்தது என்று பொறுமையோடு கேட்டறிதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கிடைக்குமிடத்து, சிற்சில வேளைகளிலேனும், தெரிவும் மாறும்.