வளைந்த படச்சட்டம்

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும் இலங்கையின் தெரணியகலையில், தோட்ட லயக் காம்பராவின் ஈரச்சுவரில் மாட்டிய சாமிப்படத்தைப் பாருங்கள். சட்டத்தின் நீளப் பக்கங்கள் வெளியே வளைந்திருக்கும். மரத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் ஈரத்தில் ஊதிய பின்னட்டைதான் உள்ளிருந்து தள்ளுகிறது. படத்தை இறக்கி, அட்டையைக் கழற்றி, இரண்டையும் நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் சட்டத்தின் மூலை இணைப்புகள் பிளந்துவிடும். காய்ந்த அட்டையின் ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் சீவிவிடுங்கள். வளைவு இன்னும் இருந்தால், பக்கங்களைச் சுற்றிக் கயிறு கட்டி, குச்சியால் முறுக்கி, மெல்ல உள்ளே இழுங்கள். அவசரம் வேண்டாம், கண்ணாடி உடையும். அதை முன்பே எடுத்துவிடுவது நல்லது. நேரானதும் பின்னால் குறுக்கே ஒரு பலா ரீப்பையை இரு பக்கமும் திருகாணியால் பூட்டுங்கள். மாட்டும்போது கீழ் மூலைகளில் சிறு மரத்துண்டுகள் ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோடும்.