வரிசையும் வலையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



‘கணினியும் சமுதாயமும்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். கணினியின் உள்ளமைப்பை விளக்கும் தகுதி, பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நமக்கு இல்லை. அதனை இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்கள் நன்கு அறிவர். ஆயினும் ரயில்வே முன்பதிவுக் கவுன்ட்டரில் அமர்ந்து பல்லாண்டுகளாக மக்கள் முகங்களைக் கண்டு வருகிறோம். மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே கணினி வந்து நின்றபோது என்ன நேர்ந்தது என்பதை அங்கிருந்தே கண்டோம். அதனை மட்டும் கூற விழைகிறோம்.

கணினி வருவதற்கு முன்பிருந்த நிலையை எங்கள் மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்நாளில் வண்டிக்கொரு பதிவேடு, பதிவேட்டுக்கொரு கவுன்ட்டர். வரிசை மாறி நின்றுவிட்டவர் மறுபடியும் கடைசியில் போய் நிற்க வேண்டும். ஊரிலிருந்து திரும்பி வருவதற்கு இங்கிருந்தே தந்தி கொடுத்துவிட்டு, விடை வருமா என்று காத்திருக்க வேண்டும். பெர்த் உண்டா இல்லையா என்பது பதிவேட்டைப் புரட்டுபவருக்கே வெளிச்சம். வெளியே நிற்பவர் அதனைச் சரிபார்க்க வழியில்லை. அறிமுகம் உள்ளவர்க்கு ஒரு நீதியும், அறிமுகம் இல்லாதவர்க்கு வேறொரு நீதியும் நடக்க அங்கே இடம் இருந்தது.

1985ஆம் ஆண்டில் இதே தில்லி மாநகரில்தான் கணினி முன்பதிவு முதன்முதலாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. பின்னர் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களுக்கும் அது பரவிற்று. 1999இல் இந்த ஐந்து மையங்களும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. எந்தக் கவுன்ட்டரிலும் எந்த வண்டிக்கும் சீட்டு வாங்கலாம் என்னும் நிலை வந்தது. காத்திருப்போர் பட்டியலில் தம் எண் என்ன என்பதை ஏழையும் தம் கையிலுள்ள சீட்டிலேயே படித்துக்கொண்டார். கணினி வந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சியவர் அந்நாளில் பலர் உண்டு. ஆனால் முகம் பார்த்துச் சலுகை காட்டும் வழக்கத்தைப் பெரிதும் குறைத்தது அந்தக் கணினிதான் என்பதை நடுநிலையாளர் எவரும் மறுக்க மாட்டார்.

அப்போதும் வரிசை என்ற ஒன்று இருந்தது. வரிசை துன்பந்தான். எனினும் அந்தத் துன்பத்துக்குள் ஓர் உறவும் இருந்தது. எழுதத் தெரியாதவர்க்கு முன்னால் நின்றவர் படிவம் நிரப்பித் தந்தார். கைக்குழந்தையோடு வந்தவளுக்குப் பின்னால் நின்றவர் இடம் பார்த்துக்கொண்டார். ‘நீங்கள் எந்த ஊர்?’ என்று தமிழில் ஒரு குரல் கேட்டவுடன், புதிதாக இந்நகருக்கு வந்தவர் முகம் மலர்ந்ததை நாம் எத்தனையோ முறை கண்டிருக்கிறோம். இச்சங்கத்தின் உறுப்பினர் சிலர் அந்த வரிசையில் அறிமுகமானவர்களே.

2002ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் இணையத்தில் சீட்டு விற்பனையைத் தொடங்கியது. தொடக்கத்தில் காகிதச் சீட்டு கூரியர் மூலம் வீடு தேடி வந்தது. 2005இல் மின்சீட்டு வந்தது. இன்று முன்பதிவுச் சீட்டுகளில் பெரும்பகுதி இணையத்தின் வழியாகவே விற்கப்படுகிறது. இரவெல்லாம் நிலையத்து வாயிலில் படுத்துக் கிடந்த காலம் போயிற்று. நோயாளியும் கருவுற்ற தாயும் வீட்டிலிருந்தே சீட்டுப் பெறுகின்றனர். இந்த நன்மையை வாழ்த்தி வரவேற்கிறோம்.

ஆனால் வரிசை மறைந்துவிட்டதாக எண்ணுவது தவறு. அது கண்ணுக்குத் தெரியாத வலைக்குள் சென்றுவிட்டது, அவ்வளவே. அங்கே முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்பது எவருக்கும் தெரிவதில்லை. பண்டிகை நாள்களில் காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் வண்டி நிறைந்துவிடுகிறது. கவுன்ட்டரில் முதலாவதாக நிற்பவரின் படிவத்தை நாங்கள் கணினியில் ஏற்றி முடிப்பதற்குள் காத்திருப்போர் பட்டியல் தொடங்கிவிடுவதும் உண்டு. கள்ளத்தனமாகச் சீட்டுகளை அள்ளுவோரைத் தடுக்க, 2025 ஜூலை 1 முதல் இணையத்தில் தட்கல் சீட்டு எடுக்க ஆதார் வழி உறுதிசெய்தல் கட்டாயமாக்கப்பட்டது. நோக்கம் நன்று. ஆயின், எப்போதோ கைவிட்ட பழைய எண்ணை ஆதாரில் வைத்திருக்கும் முதியவர்க்கு ஓ.டி.பி. எங்ஙனம் வந்து சேரும்? வலைத்தளமோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசுகிறது. தமிழ் மட்டுமே அறிந்த தாய் அங்கே யாரிடம் வழி கேட்பாள்?

சென்ற கோடையில் ஒரு மூதாட்டி எங்கள் கவுன்ட்டருக்கு வந்தார். தஞ்சைப் பக்கத்தில் அவருடைய அண்ணன் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். “தம்பி, முகத்தை ஒரு தரம் பார்த்துட்டாப் போதும்ப்பா” என்றார். அன்றைய வண்டிகளில் ஓர் இடமும் இல்லை. முன்பதிவில்லாப் பெட்டியில் இரண்டு இரவுகள் அமர்ந்தபடியே சென்றார். அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி வந்தது அதற்கு முந்திய நாள் காலையில் என்று பின்னர் அறிந்தோம். அவர் குடியிருக்கும் தெருவிலேயே நொடியில் சீட்டெடுக்க வல்ல பிள்ளைகள் நால்வர் உள்ளனர். செய்தி வந்த அன்றே தட்கலுக்கு முயன்றிருக்கலாம். அவர் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களுக்கோ செய்தி தெரியாது. பழைய வரிசையாயிருந்தால் பக்கத்தில் நின்றவராவது ‘என்ன பாட்டி?’ என்று கேட்டிருப்பார்.

ஆகவே இச்சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நம் படிப்பகத்தில் இரு இளைஞர்கள் அமரட்டும். பெரியவர்களுக்குக் கைப்பேசியில் முன்பதிவு செய்யக் கற்றுக் கொடுக்கட்டும். இதற்குச் சில நெறிகள் வேண்டும். பெரியவரின் கைப்பேசி பெரியவர் கையிலேயே இருக்க வேண்டும், கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் பிறர் கேட்கலாகாது. பணம் திரும்பத் தருவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்கும் மோசடிக்காரர் மலிந்துள்ள காலம் இது. உதவிக்குக் காசு பெறுதல் அறவே கூடாது. உரிமமின்றிச் சீட்டு வாங்கி விற்கும் தொழில், 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

அவரவர் ஆதாரில் உள்ள கைப்பேசி எண்ணை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பயண அவசரம் வந்தபின் அதற்கு நேரம் கிடைக்காது. பட்டியல் வெளிவந்த பின்னும் காத்திருப்பிலேயே நிற்கும் மின்சீட்டு தானாகவே ரத்தாகிவிடும். அதனை நம்பி வண்டி ஏறாதீர்கள். முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 60 நாள்களாகக் குறைக்கப்பட்டதையும் நினைவில் வையுங்கள். பொங்கலுக்காகச் சனவரி 12ஆம் நாள் இங்கிருந்து புறப்பட விரும்புவோர்க்கு நவம்பர் 13ஆம் நாள் காலை 8 மணிக்குக் கதவு திறக்கிறது. இந்நாள்களைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் பலருக்கும் பயன்படும்.

ஊர் கூடித் தேர் இழுப்பது நம் மரபு. கணினி விரைவைத் தரும். பக்கத்து வீட்டாரின் துயரை விசாரிக்க அதற்குத் தெரியாது. அந்த வேலை நம்முடையது. அதனை வரும் ஞாயிறன்றே தொடங்குவோம்.